தோட்டத்து வாத்தியாரின் காலி நாற்காலி

மலேசியாவின் கம்போங் மேடான் என்றதும் பலருக்கு 2001 மார்ச் இனக்கலவரம்தான் ஞாபகம் வரும். அங்குள்ள அடுக்குமாடிகளில் வாழும் எத்தனையோ குடும்பங்களின் பூர்வீகம் ரப்பர் தோட்டம். தோட்டம் கைமாறியபோது வேலை போனது, வீடு போனது என்கிறோம். வாத்தியார் போனதை யாரும் சொல்வதில்லை.

7 முதல் 14 வயதுக்குள் 10 பிள்ளைகள் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வேண்டும் என்றது 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம். ஒரு கொட்டகையில் பள்ளி நடந்தது. எழுதப் படிக்கத் தெரிந்த கங்காணியோ, கிராணி எனும் தோட்ட எழுத்தரோ பாடம் சொன்னார்; தனி வாத்தியார்கள் பிறகுதான் வந்தார்கள். பகலில் அரிச்சுவடி, அந்தியில் ஊருக்குக் கடுதாசி. அடகில் இருக்கும் சங்கிலியைப் பற்றி எழுதச் சொல்லலாமா என்று தலையைச் சொறிந்து நிற்பவரிடம், "அதை அடுத்த கடுதாசியில் பார்த்துக்கலாம்" என்பார் வாத்தியார். வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோயிலில் பஜனை. அவருடைய இடது கை ஆர்மோனியத் துருத்தியை அழுத்தும், வலது கை கட்டைகளில் ஓடும். விடியலில் பெரட்டு எனும் ஆள்கணக்கெடுப்புக்கு நின்று, பால் வெட்டி, குளித்து வந்தவர்கள் பின்பாட்டுப் பாடுவார்கள். திருவிழா நாடகத்துக்கு வசனம் சொல்லிக்கொடுப்பதும் அவரே.

அந்நிய ஆட்சியில் கிடந்த போலந்துக் கிராமங்களிலும் இப்படி ஓர் ஆள் இருந்தார். தேவாலயத்தில் ஆர்கன் வாசிப்பவரே பல ஊர்களில் பிள்ளைகளுக்கு எழுத்தும் சொல்லிக்கொடுத்தார். 1901இல் பிரஷ்ய ஆட்சியில் இருந்த வ்ஷெஷ்னியாவில், சமயப் பாடத்தை ஜெர்மன் மொழியில் சொல்ல மறுத்த குழந்தைகள் பிரம்படி பட்டார்கள். மொழியும் வழிபாடும் ஒரே ஆளின் குரலில் கலந்துவிட்டால் ஆள்பவரால் பிரித்தெடுக்க முடிவதில்லை.

மலாயாவில் 1941இல் கிள்ளான் தோட்டங்களில் வேலைநிறுத்தம் வெடித்தது. கூலி உயர்வோடு, துரைக்கு முன்னால் சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம் என்றார்கள், கள்ளுக்கடையை மூடு என்றார்கள், பிள்ளைகளுக்கு ஒழுங்கான படிப்பு வேண்டும் என்றும் கேட்டார்கள். அந்தக் கோரிக்கைக்குப் பின்னால் கொட்டகைப் பள்ளி இருக்கிறது என்றே நான் நம்புகிறேன். வாத்தியார் துரையிடம் சம்பளம் வாங்கியவர், பிரம்பையே நம்பியவர் என்று சொல்வோரும் உண்டு.

1957இல் 800க்கு மேல் இருந்த தமிழ்ப்பள்ளிகள் இன்று 500க்குச் சற்று மேல். இருப்பவையும் இடம் மாறின: எஃபிங்காம் தோட்டம் போய்விட்டது. பள்ளி அதே பெயரோடு பண்டார் உத்தாமாவில் நடக்கிறது. கட்டடமும் தேர்ச்சியும் அன்றைவிட மேல். என் கவலையெல்லாம் மாலை நேரம். ஆசிரியர் தொலைவிலிருந்து வருகிறார், மதியம் திரும்பிவிடுகிறார். அவரைக் குறை சொல்ல முடியாது. அப்பாவும் அம்மாவும் ஷிப்டு முடித்து வரும்வரை பதின்மூன்று வயதுப் பையன் மாடிப்படியில் உட்கார்ந்திருக்கிறான். அவன் யார் பிள்ளை, எதில் கெட்டிக்காரன், இப்போது யாரோடு சுற்றுகிறான் என்று மூன்றையும் அறிந்த பெரியவர் அந்த அடுக்குமாடியில் இல்லை.

திருவிழாவுக்குப் பந்தலும் ஒலிபெருக்கியும் போடும் கோயில் நிர்வாகங்கள், வாரத்தில் ஐந்து மாலைகள் அந்த அடுக்குமாடியிலேயே இருக்க ஒருவருக்கு மாதச் சம்பளம் கொடுக்கட்டும். ஆர்மோனியம் ஒன்றையும் வாங்கி வைக்கட்டும்.