அவிழ்ந்த கட்டைத் தூக்கி எறியாதீர்கள்

அறுவடை முடிந்த டெல்டா வயல்களில் வைக்கோலை உருளையாகச் சுருட்டிப் போடும் பேலரைப் பலரும் பார்த்திருப்பீர்கள். அந்தக் கட்டில் முடிச்சே கிடையாது. கயிறு பல சுற்று சுற்றி அறுபடும், அவ்வளவுதான். வைக்கோலோடு இறுகிக்கிடந்தே அது பிடித்துக்கொள்ளும். செங்கல் வடிவில் கட்டுப்போடும் பேலரின் பிழைப்பு வேறு. சிறிய கட்டென்றால் பெரும்பாலும் இரண்டு கயிறு, இரண்டிலும் முடிச்சு. அமெரிக்கப் பண்ணைகளில் ஐம்பது, அறுபது வயதான இந்த வகை இயந்திரங்கள் இன்னமும் காய்ந்த புல்லைக் கட்டிக்கொண்டிருக்கின்றன. அவை மக்கர் செய்யும்போது முதலில் திட்டு வாங்குவது முடிச்சுக் கருவிதான்.

அந்தக் கருவி பேலரைவிட மூத்தது. கோதுமைக் கதிரைக் கட்டுவதற்காக விஸ்கான்சின் மாநிலத்து ஜான் ஆப்பிள்பி 1870களின் இறுதியில் அதற்குக் காப்புரிமை பெற்றார். பென்சில்வேனியாவின் எட் நோல்ட் தானே முடிச்சிடும் பேலரை உருவாக்க, 1940இல் நியூ ஹாலண்ட் நிறுவனம் அதைத் தயாரிக்கத் தொடங்கியது.

பூ கட்டுபவர் விரலில் நூலைச் சுற்றி இழுப்பதைக் கவனித்திருந்தால் முடிச்சுக் கருவியின் வேலை சட்டென்று பிடிபடும். கயிற்றின் ஒரு முனையைப் பல்வட்டு ஒன்று ஏற்கெனவே கவ்விப் பிடித்திருக்கும். கட்டு போதிய நீளம் வந்ததும், வளைந்த ஊசி கீழிருந்து எழுந்து மறுபக்கக் கயிற்றைக் கொண்டுவந்து அதே வட்டில் சேர்க்கும். விரல் இருக்க வேண்டிய இடத்தில் பறவையின் அலகு போன்ற ஒரு கொக்கி. அது ஒரு சுற்றுச் சுற்றி இரண்டு இழையையும் வளையமாக்கும், வாயைத் திறந்து இழைகளைக் கவ்வும், கத்தி அறுக்கும், ஒரு கை அந்த வளையத்தை அலகிலிருந்து வழித்துத் தள்ளும். எல்லாம் ஒரு விநாடிக்குள்.

அதனால்தான் அவிழ்ந்த கட்டைத் தூக்கி எறியக் கூடாது. பழுது எங்கே என்பது அந்தக் கயிற்றிலேயே இருக்கிறது. ஒரு முனையில் முடிச்சு, மறுமுனை வெறுமையாக இருந்தால், வட்டின் பிடி தளர்ந்து கயிறு நழுவியிருக்கலாம். அல்லது ஊசி கயிற்றைச் சரியான இடத்தில் சேர்க்கவில்லை. முனை தும்பு தும்பாகப் பிய்ந்திருந்தால் கத்தி மழுங்கிவிட்டது. முடிச்சை ஒட்டி நசுங்கி அறுந்திருந்தால் பிடி அளவுக்கு மீறி இறுக்கம். முடிச்சு அருமையாக விழுந்தும் அலகைவிட்டு இறங்க மறுக்கிறதா? மழைக்காலம் முழுதும் கொட்டகையில் கிடந்த இயந்திரம் என்றால் அலகில் துரு ஏறியிருக்கும். நைசான உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்கினாலே பல நேரம் சரியாகிவிடும். இல்லையென்றால் வழிக்கும் கை அலகை உரசியபடி போகிறதா என்று பாருங்கள்; உரச வேண்டும்.

ஆனால் ஸ்பேனரை எடுக்கும் முன் கயிற்றைப் பாருங்கள். நார்க்கயிற்றுக்குச் செய்த அமைப்பில் வழுக்கும் பிளாஸ்டிக் கயிற்றைக் கோத்துவிட்டு இயந்திரத்தைக் குறை சொல்வது நடக்கிற கதைதான். பழைய பேலர்களைத் தேய்மானம் கெடுத்ததைவிட, ஆளாளுக்குத் திருகிய திருகாணிகள் கெடுத்ததே அதிகம் என்பது என் எண்ணம். ஒரு நேரத்தில் ஒரே திருகாணி, அதுவும் கால் சுற்று. பிறகு ஒரு கட்டுப் போட்டுப் பாருங்கள்.

மற்றவை எளிது. கட்டு வாழைப்பழம்போல வளைந்தால் புல் ஒரு பக்கமாகவே சேருகிறது. பக்கவாட்டில் புல் அறுபடாமல் நீட்டிக்கொண்டிருந்தால், புல்லை இடித்துத் திணிக்கும் பிளஞ்சரின் கத்தி மழுங்கியிருக்கும், அல்லது எதிர்க்கத்தியோடு இடைவெளி கூடியிருக்கும். அங்கே ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான இடைவெளியே வேண்டும். ஃப்ளைவீலின் ஷியர் போல்ட் அடிக்கடி ஒடிந்தால் எரிச்சலில் உறுதியான போல்ட்டை மாட்டாதீர்கள். ஒடிவதுதான் அதன் வேலை. அது ஒடியாவிட்டால் ஊசியோ கியரோ ஒடியும்.

கண்ணுக்குப் பிடிபடாத பழுதுக்கு ஒரு வழி உண்டு. முடிச்சுக் கருவியின் விசையைத் தட்டிவிட்டு, ஃப்ளைவீலைக் கையாலேயே ஓடும் திசையில் மெல்லச் சுற்றுங்கள். ஒரு விநாடியில் நடந்தது கண்முன் நிதானமாக நடக்கும். கையால் சுற்றினாலும் ஊசி விரலைத் துளைக்கும் வலுவோடுதான் எழும். டிராக்டரை அணைத்து, அதிலிருந்து பேலரைச் சுழற்றும் பி.டி.ஓ. தண்டைக் கழற்றி, சாவியைச் சட்டைப்பையில் போட்ட பிறகே பக்கத்தில் போங்கள்.