வண்ணமீன் வாங்கச் செல்வோர்க்கு

கண்ணாடித் தொட்டியில் வண்ணமீன் வளர்த்தல் நம் நகரங்களிற் பெரிதும் பரவியுள்ளதொரு விநோதமாகும். சென்னையில் இதற்குப் பேர்பெற்ற இடம் கொளத்தூர். மொத்த வியாபாரிகளும் சில்லறை வியாபாரிகளும் ஆங்கு அடுத்தடுத்துக் கடை வைத்திருக்கின்றனர். சுற்றுப்புறத்து ஊர்களில் மீன் பொரிப்பித்து வளர்ப்போர் தம் சரக்கை அவ்விடத்திற்குக் கொணர்கின்றனர். கப்பி, மோலி, ஏஞ்சல், கோல்டு பிஷ் முதலியன தொட்டிதோறும் கூட்டங்கூட்டமாய்த் திரியும். பைட்டர் என்னும் சண்டைமீனின் ஆண்கள் மட்டும் தனித்தனிப் புட்டிகளில் வைக்கப்பட்டிருக்கும். இரண்டு ஆண்மீன்கள் ஒருங்கிருப்பின் ஒன்றையொன்று கடித்துக் குலைக்குமாதலின்.

இக்காட்சியில் மனத்தைப் பறிகொடுத்தவர் பலர், தொட்டியும் மீனும் ஒரே நாளில் வாங்கி இல்லம் ஏகுகின்றனர். சின்னாட்களில் மீன்கள் ஒவ்வொன்றாய் மடிகின்றன. கடைக்காரர் நோயுற்ற மீனைத் தலையிற் கட்டிவிட்டார் என வாங்கியவர் நோவர்; நமக்கு மீன் வளர்க்கும் ராசி இல்லை எனப் பின்னர்த் தம்மைத் தேற்றிக்கொள்வர். பெரும்பாலும் இவ்விரண்டும் காரணமல்ல. காரணம் அத்தொட்டியின் நீரிலேயே உளது. அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மீன்கள் தம் செவுள் வழியே அம்மோனியா என்னும் நச்சுப்பொருளை இடையறாது வெளியிடுகின்றன. எஞ்சிய தீனி அழுகுவதனாலும் அஃது உண்டாகும். ஆற்றிலும் குளத்திலும் நீர்ப்பரப்பு பெரிது, நஞ்சு கலைந்துபோம். இரண்டடி நீளமும் ஓரடி அகலமும் ஓரடி உயரமும் உள்ள தொட்டியிலோ சுமார் 50 லிட்டர் நீரே நிற்கும். நஞ்சு அங்கேயே திரண்டு செவுளை அரிக்கும். நீர் வெப்பமாயும் காரத்தன்மை மிக்கதாயும் இருப்பின் அதன் கொடுமை மிகும். நீரோ பார்வைக்குப் பளிங்கு போலவே தெளிந்திருக்கும். ஆதலின் வளர்ப்பவர் எதனையும் ஐயுறார்.

இதற்கு இயற்கையே ஒரு மாற்று வைத்திருக்கின்றது. ஒருவகைப் பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். நைட்ரைட்டும் இரத்தத்தைக் கெடுத்து, பிராணவாயுவைத் தாங்கும் ஆற்றலைப் போக்கும் நஞ்சே. மற்றொரு வகை அதனை நைட்ரேட்டாக மாற்றும். இது தீங்கு குறைந்தது. வாரம் ஒருமுறை காற்பங்கு நீரை மாற்றுவதனால் மட்டுப்படும். இப்பாக்டீரியாக்கள் பில்டரிலுள்ள பஞ்சிலும், அடியிற் பரப்பிய கூழாங்கற்களிலும் குடியேறிப் பல்குதற்கு நான்கு முதல் ஆறு வாரங்கள் வேண்டும். புதுத் தொட்டியில் அவை இல்லை. முதல் நாளே விடப்பட்ட மீன்கள் மடிவதன் இரகசியம் இதுவே.

ஆகவே, மீனுக்கு முன் நீரை ஆயத்தஞ் செய்தல் வேண்டும். தொட்டியில் நீர் நிரப்பிப் பில்டரை ஓடவிட்டு, நாள்தோறும் ஒரு சிட்டிகை மீன்தீனி இட்டு வருக. அது மக்கித் தோன்றும் அம்மோனியாவே பாக்டீரியாக்களுக்கு உணவாகும். நோயற்ற மீன் வளர்க்கும் நண்பர் ஒருவரின் பில்டர்ப் பஞ்சிற் சிறிது பெற்று வைத்தால் காரியம் விரைந்து நிகழும். குழாய்நீரிற் கலந்த குளோரின் மீனின் செவுளையும் இப்பாக்டீரியாக்களையும் ஒருங்கே கெடுக்குமாதலின், அதனை நீக்கும் மருந்தைக் கடையிற் பெற்று, நீர் மாற்றுந்தோறும் பயன்படுத்துக.

நிற்க. கடைக்குச் சென்றதும் தனி மீனை நோக்குமுன் தொட்டி முழுவதையும் நோக்குக. செத்த மீன் மிதக்கும் தொட்டியினின்று ஒன்றும் வாங்கற்க. செதிலின்மேல் உப்புத் தூவினாற் போன்ற வெண்புள்ளி காணின், அது ஏனையவற்றிற்கும் தொற்றும் நோய். துடுப்பை உடலோடு ஒடுக்கிக்கொண்டு மூலையில் நிற்பதும், நீரின் மேற்பரப்பில் வாய் திறந்து திணறுவதும் நலக்குறிகள் அல்ல. தீனி இடுமாறு கடைக்காரரைக் கேளுங்கள்; ஓடிவந்து உண்ணும் மீனே நன்மீன்.

நும் ஊர் நீருக்கேற்ற மீனைத் தெரிந்துகொள்ளல் அடுத்தது. கப்பியும் மோலியும் உப்புச்சத்து மிக்க கிணற்று நீரிலும் செழிக்கும். அமேசான் காட்டு ஓடைகளிற் பிறந்த நியான் டெட்ராவுக்கோ மென்னீரே உகந்தது. வளர்ந்தபின் அடையும் பருமனையும் கேட்டறிக. விரலளவாய் விற்கப்படும் சக்கர் மீன் ஓரடிக்கு மேல் நீளும். ஏஞ்சல் வளர்ந்தால் சிறு டெட்ராக்களை விழுங்கிவிடும். பைட்டர் மேற்பரப்பிற்கு வந்து காற்றை நேரே சுவாசிக்க வல்லது. ஆதலின் சிறு புட்டியிலும் சில காலம் உயிர் தாங்குகின்றது. அது பற்றிப் புட்டியே அதற்கு வீடு எனக் கொள்ளற்க. அங்கும் அம்மோனியா சேர்கின்றது.

முதற்கண் நாலைந்து சிறு மீன்களே போதும். பிராணவாயு அடைத்துக் கட்டிய பையை வெயிலிற் படாது கொணர்ந்து, தொட்டி நீரின்மேல் கால்மணி நேரம் மிதக்கவிடுக. பின்னர்த் தொட்டி நீரைச் சிறிது சிறிதாய்ப் பையினுட் சேர்த்து, மீனை வலையால் எடுத்து விடுக. கடைநீரைத் தொட்டியிற் கொட்டலாகாது.

இறுதியாக ஒன்று. வளர்க்க இயலாத மீனைக் குளத்திலோ ஆற்றிலோ விடுதல் கருணையன்று. தென்னமெரிக்காவினின்று வந்த சக்கர் மீன் அங்ஙனம் தப்பித் தென்னிந்திய நீர்நிலைகள் பலவற்றிற் பெருகி, மீனவர் வலைக்கும் நாட்டு மீனுக்கும் இடையூறாகியுள்ளது. வேண்டாத மீனைக் கடைக்கோ மற்றொரு வளர்ப்பாளருக்கோ கொடுத்துவிடுதலே தக்கது.

ஆற்றிலுள்ள மீன் நீர் கெட்டால் வேறிடம் நாடும்; தொட்டி மீனுக்கு அவ்வழி இல்லை. அதன் உலகம் முழுவதும் நாம் ஊற்றும் நீரே. அதனை முன்னரே செம்மை செய்துகொண்டு கடைக்குச் செல்லும் மாணவர், அழகிய உயிர்களை நெடுநாட் கண்டு மகிழ்வதோடு, இரசாயனமும் உயிர்நூலும் தம் மேசையின் மேலேயே கற்பர்.