பகல் இங்கே, இரவு அங்கே – 9: ‘புரிஞ்சுது சார்!’

சென்னை இளைஞர்களுக்கு, ஆந்திர எல்லையில் இருக்கும் தடா என்றால் உப்பலமடுகு அருவி. வேலைக்குப் போகிறவர்களுக்கோ அது ஸ்ரீசிட்டி என்ற தொழில் நகரத்துக்கு இறங்கும் ரயில் நிலையம். சென்னை மெட்ரோவுக்குப் பிரான்ஸின் ஆல்ஸ்டாம் பெட்டி செய்தது இங்கே. ஜப்பானின் இசுஸு வண்டி செய்வதும் இங்கே. மத்திய அரசு 50, மாநில அரசு 35, தொழில்துறை 15 சதவீதம் என முதலீட்டைப் பகிர்ந்துகொள்ளும் திட்டத்தில், 2013-ல் ஓர் ஐ.ஐ.ஐ.டி.யும் (தகவல் தொழில்நுட்பக் கல்வி நிறுவனம்) வந்தது.

இப்படி ஓர் இடத்தில் மென்பொருள் படிக்கிற பிள்ளைகளுக்கு முதலில் எதைப் பழக்க வேண்டும்? ஆங்கிலத்தையா? இல்லை. ‘புரிஞ்சுது சார்’ என்று சொல்வதை நிறுத்தப் பழக்க வேண்டும்.

பள்ளியிலிருந்தே நமக்கு ஊறிய பழக்கம் அது. புரியாவிட்டாலும் தலையாட்டிவிட்டு, பிறகு பக்கத்து பெஞ்சில் கேட்டுக்கொள்வோம். நாளை வேலைக்குப் போனால், கலிஃபோர்னியாவில் இருக்கும் சக ஊழியர் பக்கத்து பெஞ்சில் இல்லையே! டிசம்பரில் நாம் காலை 9 மணிக்கு உட்காரும்போது அங்கே முந்தின நாள் இரவு 7.30. இப்போது கேட்கும் சந்தேகத்துக்குப் பெரும்பாலும் நாளைக் காலையில்தான் பதில். ஒரு கேள்விக்கு ஒரு நாள் போச்சு. ஹெர்ப்ஸ்லெப், மாக்கஸ் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 2003-ல் வெளியிட்ட ஆய்வில், ஓரிடத்தில் முடியும் வேலையைவிடப் பல ஊர்களில் பிரிந்து செய்த வேலைக்குச் சுமார் இரண்டரை மடங்கு காலம் பிடித்திருந்தது.

ஜூரிக்கின் இ.டி.ஹெச். பல்கலைக்கழகத்தில் பெர்ட்ராண்ட் மேயர் குழுவினர் 2007-ல் இப்படிப் பிரிந்திருந்து வேலை செய்வதையே பாடமாக்கினார்கள். வெவ்வேறு நாட்டு மாணவர்கள் ஒரே அணியாகச் சேர்ந்து ஒரே மென்பொருளை உருவாக்க வேண்டும்.

வெளிநாட்டுக் கூட்டாளி கிடைக்காத கல்லூரியும் இதைச் செய்யலாம். வகுப்பை இரண்டாகப் பிரியுங்கள். ஓர் அணிக்குக் காலை, இன்னொன்றுக்கு இரவு. போன், வாட்ஸ்அப் கூடாது. எழுத்தில் மட்டுமே பேச்சு. ‘லாகின் வேலை செய்யல, பாருங்க’ என்று எழுதினால் எதிரணி விழிக்கும். ‘சரியான பாஸ்வேர்டு கொடுத்தும் உள்ளே போகவில்லை, குரோமில் மட்டும் இப்படி, நேற்று மாலை வரை ஓடியது, குக்கி பகுதியைப் பார்த்துவிட்டேன், அங்கே பழுதில்லை’ என்று எழுதினால், எதிரணி கேள்வியே கேட்காமல் வேலையைத் தொடங்கும்.

இன்னொரு விதி: வேலையை வாங்கிக்கொள்பவர், தான் என்ன செய்யப் போகிறார் என்பதைத் தன் வார்த்தைகளில் எழுதி அனுப்ப வேண்டும். தலையாட்டலுக்கு இடமே இராது. வாயைத் திறக்கக் கூச்சப்படும் பிள்ளைகள் இதில் முன்னுக்கு வருவதற்கும் வாய்ப்புண்டு.

பாதியில் இரு அணிகளின் புரோகிராமையும் மாற்றிக் கொடுங்கள். மதிப்பெண், புரோகிராம் ஓடியதற்கு மட்டுமல்ல. புரோகிராமை வாங்கிய அணி, அதை எழுதியவர்களைத் தேடி வராமலேயே வேலையை முடித்தால், எழுதிய அணிக்கு முழு மார்க்.

அடுத்த வாரம்: 1999-ல் இரண்டு குழுக்கள் வெவ்வேறு அளவையில் கணக்குப் போட்டதால் செவ்வாயில் தொலைந்த நாசா விண்கலம்.

(தொடரும்)