பூனைக்கே பயந்து ஓடும் கணவன்... 1957-ன் 'தி இன்க்ரெடிபிள் ஷ்ரிங்கிங் மேன்' பார்த்திருக்கிறீர்களா?

காலையில் ஆபீஸுக்குக் கிளம்புகிறீர்கள். பேன்ட் இடுப்பில் நிற்கவில்லை. சட்டைக் கை, விரல் நுனி வரை தொங்குகிறது. 'உடம்பு இளைச்சுட்டோம்போல' என்றுதானே நினைப்பீர்கள்? ஸ்காட் கேரியும் முதலில் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. டாக்டரோ, 'வளர்ந்த மனிதன் உயரம் குறைய மாட்டான்' என்று திருப்பி அனுப்பிவிடுகிறார். ஆனால், குறைந்துகொண்டேதான் போகிறது!

இதுதான் 'தி இன்க்ரெடிபிள் ஷ்ரிங்கிங் மேன்' படத்தின் ஒன்லைன். ரிச்சர்ட் மேதசன் எழுதிய நாவலை ஜாக் அர்னால்ட் இயக்கியிருந்தார். இதே அர்னால்டின் 'கிரியேச்சர் ஃப்ரம் த பிளாக் லகூன்' பற்றிப் பேசுகிற அளவுக்கு இந்தப் படத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. தலைப்பைக் கேட்டதும் ஏதோ காமெடிப் படம் என்று தாண்டிப் போய்விடுகிறவர்கள்தான் அதிகம்.

மனைவி லூயிஸுடன் படகில் உல்லாசமாகப் போகும்போது, ஒரு விநோதமான பனிமூட்டம் ஸ்காட்டைக் கடந்துபோகிறது. அந்த நேரம் பார்த்து லூயிஸ் படகின் உள்ளே போயிருக்கிறாள். அந்தக் கதிரியக்கப் பனியும், பிறகு அவன் மேல் படும் பூச்சிக்கொல்லியும் சேர்ந்துதான் வினையாகின்றன. அணுகுண்டு பயம் உலகத்தையே ஆட்டிவைத்த காலத்தில் வந்த கதை இது.

'இந்த மோதிரம் உன் விரலில் இருக்கும்வரை நான் உன்னோடு இருப்பேன்' என்று காரில் ஆறுதல் சொல்கிறாள் லூயிஸ். அடுத்த நொடி, இளைத்துப்போன விரலிலிருந்து அந்தக் கல்யாண மோதிரம் நழுவிக் கீழே விழுகிறது. பேயும் இல்லை, ரத்தமும் இல்லை. ஆனால், வயிற்றைப் பிசைகிற காட்சி அது.

உடம்பு சிறுக்கச் சிறுக்க ஸ்காட்டின் கோபம் பெரிதாகிறது. சம்பாதித்துப் போட்டவன், இப்போது பொம்மை வீட்டுக்குள் குடியிருக்கிறான். அவள் மாடிப்படியில் நடக்கும் சத்தத்துக்குக்கூட எரிந்து விழுகிறான். நோயில் படுத்தவர்களையும், அவர்களைக் கவனித்துக்கொள்பவர்களையும் பார்த்தவர்களுக்கு இந்தக் கோபம் எங்கிருந்து வருகிறது என்று புரியும்.

ஒருநாள் வீட்டுப் பூனை அவனைத் துரத்துகிறது. தப்பித்து ஓடுகிறவன் நிலவறைக்குள் விழுகிறான். ரத்தக் கறை படிந்த துணியைப் பார்த்து, பூனை அவனைத் தின்றுவிட்டதாக லூயிஸ் நம்பிவிடுகிறாள். அதன்பிறகு வசனமே பெரிதாக இல்லை. ஸ்காட்டின் மனக்குரல் மட்டும்தான். தீப்பெட்டிதான் வீடு. எலிப்பொறியில் இருக்கும் சீஸுக்காக உயிரைப் பணயம் வைக்கிறான். குண்டூசியை வாளாக ஏந்திச் சிலந்தியோடு சண்டை போடுகிறான். கிராஃபிக்ஸ் இல்லாத காலம் என்பதால், ராட்சத கத்தரிக்கோல், நாற்காலி எல்லாம் செய்து அசத்தியிருக்கிறார்கள். பெரிய பெரிய நீர்த்துளிகளுக்கு, ஆணுறைகளில் தண்ணீரை நிரப்பிக் கீழே போட்டார்களாம். பின்னாளில் இயக்குநரே சொன்ன ரகசியம் இது!

குறையே இல்லையா? இருக்கிறது. பாதிப் படத்துக்கு மேல் லூயிஸ் காணாமல்போகிறாள். கணவனைப் பறிகொடுத்ததாக நம்பும் அவளின் துயரத்துக்குப் படத்தில் பெரிதாக இடம் இல்லை.

முடிவைத் தெரிந்துகொள்ள விரும்பாதவர்கள் அடுத்த பத்தியைத் தாண்டிவிடுங்கள்.

ஸ்டுடியோ கேட்டது சுபமான முடிவு. அர்னால்ட் விட்டுக்கொடுக்கவில்லை. மருந்தும் கிடைக்கவில்லை, மனைவியும் திரும்பி வரவில்லை. ஜன்னல் வலையின் ஓட்டை வழியே நுழைந்து போகிற அளவுக்குச் சிறுத்துவிட்ட ஸ்காட், வெளியே வந்து நட்சத்திரங்களை நிமிர்ந்து பார்க்கிறான். எவ்வளவு சிறியவனானாலும் தானும் இந்தப் பிரபஞ்சத்தில் ஒரு பங்குதான் என்று அவனுக்குப் புரிகிறது. அந்த நிமிடம் அவனிடம் பயம் இல்லை.

1958-ல் ஹியூகோ விருதை வென்ற இந்தப் படத்தை, 2009-ல் அமெரிக்காவின் தேசியத் திரைப்படப் பதிவேட்டிலும் சேர்த்தார்கள். ஓடும் நேரம் வெறும் 81 நிமிடங்கள்தான். 'ஹனி, ஐ ஷ்ரங்க் த கிட்ஸ்', 'ஆன்ட் மேன்' எல்லாம் பார்த்து ரசித்த பிள்ளைகளை இந்த வாரம் இதற்கும் பக்கத்தில் உட்காரவையுங்கள். சிலந்திச் சண்டையில் அவர்கள் கத்துவார்கள். மோதிரம் விழும்போது நீங்கள் அமைதியாகிவிடுவீர்கள்!