கூட்டணி: அணியும் ஆணையும்

தேர்தல் நெருங்கும் காலங்களில் நம் செவிகளில் மிகுதியாக விழும் சொல் 'கூட்டணி' என்பதாகும். 1976இல் இலங்கையில் அப்பெயர் பூண்ட தமிழர் விடுதலைக் கூட்டணி, 1998இல் இந்தியாவில் அமைந்த தேசிய ஜனநாயகக் கூட்டணி, 2004இல் அமைந்த ஐக்கிய முற்போக்குக் கூட்டணி என அமைப்புகளின் பெயர்களிலேயே அது நிலைபெற்றுவிட்டது.

கூட்டு, அணி என்னும் இரு சொற்கள் இணைந்து பிறந்தது இது. கூட்டு என்பது சேர்க்கையையும் பங்காண்மையையும் குறிக்கும். அணி என்பதற்கு வரிசை, படைவகுப்பு, அழகு எனப் பல பொருள்கள் உண்டு. எனவே, பலர் ஒரே வரிசையில் திரண்டு நிற்பதே கூட்டணி. எந்த வாக்கின்மீது நிற்கின்றனர் என்பதை இச்சொல் தெரிவிப்பதில்லை.

அரபு மொழியில் இதற்கு நிகராக வழங்கும் 'ஹில்ஃப்' என்னும் சொல்லோ, ஆணையிடுதல் என்னும் பொருளுடைய வேரிலிருந்து பிறந்தது. மக்காவில் வணிகர் ஒருவர் வஞ்சிக்கப்பட்டபோது, குறைஷிக் குலத்தார் சிலர் அப்துல்லாஹ் இப்னு ஜுத்ஆன் இல்லத்தில் கூடி, அநீதிக்குள்ளானவர் எவராயினும் அவர் பக்கம் நிற்பதாக ஆணையிட்டனர். இதுவே ஹில்ஃபுல் ஃபுளூல். நபித்துவத்திற்கு முன் அதில் கலந்துகொண்ட நபி (ஸல்) அவர்கள், இஸ்லாத்தின் காலத்தில் அழைக்கப்பட்டாலும் அதற்கு இணங்குவதாகப் பின்னாளில் கூறினார்கள். அதே வேளையில், நியாயம் பாராது குலத்திற்குத் துணைநிற்கும் அறியாமைக் கால ஒப்பந்தங்களுக்கு இஸ்லாத்தில் இடமில்லை என்பதும் அறிஞர்கள் நபிமொழியிலிருந்து பெறும் விளக்கம்.

அணி இருந்து ஆணை இல்லாதபோது நேர்வதென்ன என்பதற்குத் திருச்சிராப்பள்ளியே சான்று பகர்கிறது. 1751இல் சந்தா சாகிபும் பிரெஞ்சுக்காரரும் முகம்மது அலியை இந்நகரில் முற்றுகையிட்டனர். முகம்மது அலிக்குத் துணையாக ஆங்கிலேயர், மைசூர், தஞ்சை, மராட்டியத் தலைவர் முராரி ராவ் எனப் பலர் திரண்டனர். இரு நவாபுகளும் முஸ்லிம்களே. இருவருடைய அணிகளிலும் பிற சமயத்தார் இருந்தனர். ஆகவே அது சமயப் போரன்று. 1752இல் பிரெஞ்சுப் படை காவிரியைக் கடந்து ஸ்ரீரங்கத்தில் ஒதுங்கி, ஜூன் மாதத்தில் சரணடைந்தது. பாதுகாப்பளிப்பதாக வாக்களித்த தஞ்சைத் தளபதி மானோஜியை நம்பிச் சென்ற சந்தா சாகிப் கொல்லப்பட்டார்.

வாக்குத் தவறுதல் அத்துடன் முடியவில்லை. உதவிக்கு ஈடாகத் திருச்சி நகரையே மைசூர்த் தளபதி நஞ்சராஜருக்குத் தருவதாக முகம்மது அலி ஒப்பியிருந்தார். வெற்றிக்குப்பின் தர மறுத்தார். ஸ்ரீரங்கத்தில் பாசறை அமைத்திருந்த நஞ்சராஜர் பிரெஞ்சுக்காரரோடு சேர்ந்தார். முராரி ராவும் அவ்வாறே அணி மாறினார். காப்பாற்ற வந்தவர்களே 1753இல் நகரை வளைத்து நின்றனர். முகம்மது அலியோ வரவரக் கம்பெனியின் படையையும் கடனையுமே சார்ந்து வாழ நேர்ந்தது. அவர் மறைந்து ஆறாண்டுகளில், 1801இல், கர்நாடக ஆட்சி கம்பெனியின் கைக்குச் சென்றது.

உடன்படிக்கைகளை நிறைவேற்றுமாறு ஏவி அல்மாயிதா அத்தியாயம் தொடங்குவதை நாம் அறிவோம். கூட்டணி என்னும் சொல்லைக் கேட்குந்தோறும், எத்தனை பேர் திரண்டனர் என்று எண்ணுவதோடு நாம் நின்றுவிடலாகாது. எதற்காக வாக்களித்தனர், யாருடைய உரிமையைக் காக்க நிற்கின்றனர் என்றும் கேட்டல் வேண்டும். அவ்வினாவிற்கு விடை இல்லாத கூட்டணி வெறும் படைவகுப்பே. வெற்றி கிட்டிய மறுநாளே அது கலைந்துவிடக்கூடும்.