வாய்ப்புற்றுநோயில் மூலக்கூறு உயிர்க்குறிப்பான்கள்: எந்தப் பரிசோதனை உங்களுக்குத் தேவை?

வாயிலுள்ள புண்ணிலிருந்து எடுக்கப்பட்ட திசுவின் பரிசோதனை அறிக்கையில் ‘ஸ்குவாமஸ் செல் கார்சினோமா’ என்று குறிப்பிடப்பட்டிருந்தால், அது வாய்ப்புற்றுநோயின் மிகப் பொதுவான வகையாகும். அதைப் படித்தவுடன் குடும்பத்தினர் மனத்தில் எழும் கேள்வி, “குணமாகுமா? எத்தனை நாள்?” என்பதே. அதற்கு விடை தருவதாகக் கூறி, ‘மூலக்கூறு பரிசோதனை’, ‘மரபணு பேனல்’, ‘பயோமார்க்கர்’ என்னும் பெயர்களில் சில பரிசோதனைகள் உங்களுக்குப் பரிந்துரைக்கப்படலாம். அவற்றுள் எவை சிகிச்சையை மாற்றக்கூடியவை, எவை இன்னும் ஆராய்ச்சி நிலையில் உள்ளவை என்பதை அறிந்துகொண்டால், பணமும் அதைவிட முக்கியமான நாள்களும் வீணாகாமல் காக்கலாம்.

உயிர்க்குறிப்பான் என்றால் என்ன?

புற்றுநோய் செல்லில் மாறிப்போன மரபணு, அளவுக்கு மீறிச் சுரக்கும் புரதம் போன்ற, அளந்தறியக்கூடிய அடையாளமே உயிர்க்குறிப்பான். இவை இரு வகைப்படும். நோய் எவ்வாறு போகும் என்பதை மட்டும் முன்கூட்டிச் சொல்பவை ஒரு வகை. குறிப்பிட்ட மருந்து பலன் தருமா என்பதைச் சொல்பவை மற்றொரு வகை. நோயாளிக்கு நேரடியாகப் பயன்படுவது பெரும்பாலும் இரண்டாவது வகைதான்.

உறவினர் ஒருவருக்கு மார்பகப் புற்றுநோய் வந்தபோது ஈஸ்ட்ரோஜன் ஏற்பி, ஹெர்2 ஆகிய பரிசோதனைகளைக் கொண்டு மருந்து முடிவு செய்யப்பட்டதை நீங்கள் பார்த்திருக்கலாம். வாய்க்கும் அவ்வாறே ஒரு பரிசோதனை இருக்கும் என்று எதிர்பார்ப்பது இயல்பே. ஆனால் வாய்ப்புற்றுநோயில் நிலைமை வேறு. பி53, இ.ஜி.எஃப்.ஆர்., சைக்ளின் டி1, கே.ஐ.67 எனப் பல குறிப்பான்கள் பல்லாண்டுகளாக ஆராயப்பட்டும், முதன்முறையாகச் சிகிச்சைக்கு வரும் நோயாளியின் எதிர்காலத்தைக் கணிக்க வழக்கமாகப் பரிந்துரைக்கப்படும் குறிப்பான் எதுவும் அவற்றுள் இல்லை.

காரணங்கள் பல. ஆய்வுகளில் பெரும்பாலானவை சிறிய எண்ணிக்கையிலான நோயாளிகளைக் கொண்டவை. ஓர் ஆய்வகம் ‘மிகுதி’ என்று குறிக்கும் அளவை மற்றோர் ஆய்வகம் ‘இயல்பு’ என்று குறிக்கிறது. ஒரே கட்டியின் இரு மூலைகளிலிருந்து எடுத்த திசுக்களே வெவ்வேறு விடை தருவதுண்டு. மேலும், நாக்கில் தோன்றும் நோயும் கன்னத்தின் உட்புறத்திலும் ஈறிலும் தோன்றும் நோயும் ஒன்றல்ல. புகையிலையையும் பாக்கையும் வாயில் அடக்கும் பழக்கத்தால் நம் நாட்டில் மிகுதியாகக் காணப்படுவது பின்னது. இந்த ஈறு–கன்னப் புற்றுநோயின் மரபணுக்களை இந்திய ஆய்வுக் குழு ஒன்று ஆராய்ந்து 2013-இல் முடிவுகளை வெளியிட்டது. டி.பி.53, கேஸ்பேஸ்8, நாட்ச்1 போன்ற ஏற்கெனவே அறியப்பட்ட மரபணுக்களுடன், இவ்வகை நோயில் முன்பு அறியப்படாதிருந்த சில மரபணு மாற்றங்களும் அதில் கண்டறியப்பட்டன. நோயைப் புரிந்துகொள்ள இது பெரிதும் உதவியது. எனினும் டி.பி.53 மாற்றம் உங்கள் அறிக்கையில் இருப்பதால் மட்டும் அறுவை சிகிச்சையோ கதிர்வீச்சோ மாற்றப்படுவதில்லை.

சரியாகக் கணிக்கும் குறிப்பான்கூடச் சிகிச்சைக்கு உதவாமல் போகலாம். வாயில் வெண்படலம் போன்ற புற்றுநோய்க்கு முந்தைய நிலையில் உள்ளவர்களின் குரோமோசோம்களில் சில பகுதிகள் இழக்கப்பட்டிருந்தால் புற்றுநோய் வரும் வாய்ப்பு கூடுதல் என்பது அமெரிக்காவில் நடந்து 2016-இல் வெளியான ஆய்வில் உறுதியானது. அதே ஆய்வில், அத்தகையோருக்கு எர்லோடினிப் என்னும் மாத்திரை கொடுத்தும் புற்றுநோய் வருவது குறையவில்லை. ஆபத்தை அறிய முடிந்தது. அந்த மருந்தால் அதைத் தடுக்க முடியவில்லை.

உங்கள் கையிலுள்ள அறிக்கையே முதல் குறிப்பான்

வழக்கமான திசுநோயியல் அறிக்கை சாதாரணமாகத் தோன்றலாம். ஆனால் வாய்ப்புற்றுநோயின் போக்கை இன்றளவும் மிக நம்பகமாகக் கூறுவது அதுவே. அறுவை சிகிச்சைக்குப் பின் வரும் அறிக்கையில் கீழ்க்காணும் விவரங்கள் உள்ளனவா என்று மருத்துவரிடம் கேட்டு அறியவும்.

முதலாவது, கட்டி எவ்வளவு ஆழம் ஊடுருவியுள்ளது என்பது. 2018 முதல் நடைமுறையில் உள்ள நிலை வகைப்பாட்டில் அகலத்துடன் ஆழமும் சேர்க்கப்பட்டுள்ளது. 2 செ.மீ.க்கு உட்பட்ட சிறிய கட்டியும் 5 மி.மீ.க்கு மேல் ஆழம் சென்றிருந்தால் முதல் நிலையில் வைக்கப்படாது. இரண்டாவது, வெட்டி எடுத்த பகுதியின் விளிம்பு. கட்டியைச் சுற்றி 5 மி.மீ. அளவேனும் நோயற்ற திசு இருப்பது விரும்பத்தக்கது. மூன்றாவது, கழுத்து நிணநீர்க் கணுக்களில் எத்தனையில் நோய் உள்ளது, அது கணுவின் உறையைத் தாண்டி வெளியே பரவியுள்ளதா என்பது. உறையைத் தாண்டியிருந்தாலோ, விளிம்பில் நோய் இருந்தாலோ, கதிர்வீச்சுடன் மருந்தும் சேர்த்துத் தரப்படுவது வழக்கம். இத்தகைய முடிவை எந்த மரபணு பேனலும் உங்களுக்காக எடுப்பதில்லை.

கழுத்தில் கட்டி தென்படாதபோதும் கணுக்களை ஏன் நீக்க வேண்டும் என்று பலர் தயங்குகின்றனர். மும்பை டாடா நினைவு மருத்துவமனையின் ஆய்வு 2015-இல் இதற்கு விடை தந்தது. தொடக்க நிலை நோயில் முதல் அறுவையின்போதே கழுத்துக் கணுக்களை நீக்கியவர்களில் 3 ஆண்டுகளுக்குப் பின் 80 விழுக்காட்டினர் உயிருடன் இருந்தனர். நோய் கழுத்தில் தோன்றும்வரை காத்திருந்தவர்களில் அது 67.5 விழுக்காடு.

பயன்படும் மூலக்கூறு பரிசோதனைகள்

பி.டி.எல்-1 என்பது நோயெதிர்ப்பு மருந்து பலன் தரும் வாய்ப்பை மதிப்பிடும் பரிசோதனை. நோய் திரும்ப வந்தவர்களுக்கும் உடலின் பிற பகுதிகளுக்குப் பரவியவர்களுக்கும் இது முக்கியமாகத் தேவைப்படுகிறது. அறுவைக்கு முன்னும் பின்னும் இவ்வகை மருந்தைத் தர, இப்பரிசோதனையின் அடிப்படையில், அமெரிக்காவில் 2025-இல் அனுமதி வழங்கப்பட்டுள்ளது. மருந்தின் விலையோ மிக அதிகம். ஆகவே அம்மருந்தைத் தரும் எண்ணம் மருத்துவருக்கு உள்ளதா என்பதைக் கேட்டறிந்த பின்னர் பரிசோதனைக்குப் பணம் கட்டவும். குறைந்த அளவு மருந்தும் உதவக்கூடும் என்பதை டாடா நினைவு மருத்துவமனையின் மற்றோர் ஆய்வு காட்டியுள்ளது. முற்றிய தலை, கழுத்துப் புற்றுநோயாளிகளுக்கு வாய்வழி மருந்துகளுடன் 3 வாரத்திற்கு ஒருமுறை 20 மி.கி. நிவோலுமாப் சேர்த்தபோது, ஓராண்டு உயிர்வாழ்ந்தோர் 16.3 விழுக்காட்டிலிருந்து 43.4 விழுக்காடாக உயர்ந்தனர்.

பி16 பரிசோதனை, எச்.பி.வி. வைரஸ் தொடர்பான நோயை அறிய உதவுகிறது. இது டான்சில், நாக்கின் அடிப்பகுதி ஆகிய தொண்டைப் பகுதி நோய்களுக்கு உரியது. அங்கே பி16 காணப்பட்டால் நோயின் போக்கு நல்லதாக இருக்கும். கன்னம், ஈறு, நாக்கின் முன்பகுதி ஆகியவற்றின் நோய்க்கு இந்த முடிவைப் பொருத்திப் பார்ப்பது தவறு.

காத்திருக்க வேண்டாம்

பரிசோதனை முடிவு வரட்டும் என்று அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போடுவதே இதில் உள்ள உண்மையான ஆபத்து. வாய்ப்புற்றுநோய் வாரக்கணக்கில் வளரக்கூடியது. அறுவைக்குப் பின் கதிர்வீச்சு தேவைப்பட்டால் அதையும் 6 வாரத்திற்குள் தொடங்குவது நல்லது. “இப்போது செய்யாவிட்டால் பிறகு செய்ய முடியாது” என்று யாரேனும் கூறினால் அஞ்ச வேண்டாம். எடுத்த திசு மெழுகுக் கட்டியில் பதித்துப் பாதுகாக்கப்படுகிறது. மருத்துவமனைகளில் ‘பிளாக்’ என்று கூறப்படுவது இதுவே. தேவையான மூலக்கூறு பரிசோதனைகளைப் பின்னாளிலும் அதிலிருந்து செய்துகொள்ள இயலும்.

தாம்பரம், குரோம்பேட்டை, சேலையூர், மேடவாக்கம் பகுதிகளில் பலருக்கும் முதல் திசுப் பரிசோதனை அருகிலுள்ள பல் மருத்துவரிடமோ பல் மருத்துவக் கல்லூரியிலோ நடைபெறுகிறது. பின்னர் சிகிச்சைக்கு அவர்கள் வேறிடம் செல்கின்றனர். தாம்பரத்திலிருந்து கடற்கரை செல்லும் மின்சார ரயிலில் பூங்கா நிலையத்தில் இறங்கினால் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனைக்கு நடந்தே செல்லலாம். அடையாறு புற்றுநோய் நிறுவனத்திற்குக் கிண்டியில் இறங்கிச் செல்லலாம். காஞ்சிபுரம் காரப்பேட்டையில் அரசு அறிஞர் அண்ணா நினைவு புற்றுநோய் மருத்துவமனை உள்ளது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால் முதல் நாளே உடன் கொண்டு செல்லவும். உங்கள் சிகிச்சையில் எவை அத்திட்டத்தில் அடங்கும் என்பதை மருத்துவமனையிலுள்ள காப்பீட்டுத் திட்ட அலுவலரிடம் கேட்டறியலாம். பொதுவான ஐயங்களுக்கு 104 என்ற எண்ணை அழைக்கலாம்.

அவ்வாறு செல்லும்போது அறிக்கையின் நகல் மட்டும் போதாது. முதலில் பரிசோதனை செய்த ஆய்வகத்திலிருந்து ஸ்லைடுகளையும் மெழுகுக் கட்டியையும் கேட்டுப் பெறவும். அவை இருந்தால், புதிய மருத்துவமனையின் நோயியல் வல்லுநர் அவற்றையே மீண்டும் ஆராய்ந்து முடிவு கூற இயலும். பல நேரங்களில் மறுமுறை திசு எடுக்க வேண்டியிருக்காது. பெற்றுக்கொண்ட தேதியையும், கட்டியின் மேல் எழுதப்பட்டுள்ள எண்ணையும் குறித்துவைக்கவும். மெழுகு இளகும் என்பதால் வெயிலில் நிற்கும் வாகனத்தில் அதை விட்டுவிட வேண்டாம்.