படக் கோப்பும் தறிக் கணக்கும்

ஆடிக் கிருத்திகை நெருங்கும்போது திருத்தணியில் சேலை விற்பனை சற்றே கூடுவது நம் அங்கத்தினர்கள் அறிந்த விஷயம். இதனை உத்தேசித்து நம் வட்டாரத்துச் சங்கம் ஒன்று, மயில் கரை போட்ட பருத்திச் சேலைகள் நெய்ய ஏற்பாடு செய்தது. படம் நன்றாகவே வரையப்பட்டிருந்தது. அது கணினியில் ஏற்றப்பட்டு, வெளியூரில் அட்டை அடிக்கப்பட்டு வந்தது. அட்டைகளைக் கோத்து ஜக்கார்டு பெட்டியில் மாட்டி நெய்தபோது, உடல் நீண்டு, கழுத்து பருத்து, தோகை தரையோடு தரையாக இழுபட்ட ஒரு பறவை கரையில் வரிசையாக வந்து நின்றது. தறியில் இருந்த பெரியவர் எம்மை நிமிர்ந்து பார்த்து, "மயில் கேட்டாங்க, வாத்து வந்திருக்குதுங்க ஐயா" என்றார்.

நாம் அப்போது தணிக்கையின் பொருட்டு அங்கே சென்றிருந்தோம். சிரித்தோம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் அட்டைக்குக் கொடுத்த பணம் போயிற்று. இரண்டு தறிகள் ஐந்து நாட்கள் சும்மா நின்றன. அந்நாட்களின் கூலி எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. இதற்கும் மேலாக, சரக்குப் பதிவேட்டில் அச்சேலைகளுக்கு எதிரே 'நெசவில் குறை' என்று எழுதப்பட்டிருந்தது. அதைக் கண்டவுடன் எமது சிரிப்பு நின்றது. குறை நெசவில் இல்லை. அது எங்கே இருந்தது என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறோம். ஏனெனில் இனிப் பல சங்கங்கள் இவ்வழியில் செல்ல இருக்கின்றன.

ஜக்கார்டின் தத்துவம் மிக எளியது. பிரான்சில் லியோன் நகரத்தில் 1725-ல் பூஷோன் என்பவர் துளையிட்ட காகிதத்தால் பாவு இழைகளைத் தேர்ந்தெடுக்கும் வழியைக் கண்டார். ஃபால்கோன் என்பவர் காகிதத்துக்குப் பதிலாக அட்டைகளைக் கோத்தார். ஜக்கார்டு 1804-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அதை முழுமையான யந்திரமாக்கினார். அட்டையில் துளை இருந்தால் கொக்கி எழும். துளை இல்லையேல் எழாது. அட்டைக்கு இவ்விரண்டைத் தவிர வேறு மொழி தெரியாது. ஆகவே எவ்வளவு அழகிய மயிலாயினும், தறிக்கு வருமுன் 'எழு', 'எழாதே' என்ற கட்டங்களாக உடைபட்டே தீரவேண்டும்.

முன்பு இவ்வேலையைக் கட்டத்தாளில் கையால் செய்தார்கள். அத்தாளில் ஒரு நுணுக்கம் இருந்தது. தறியில் அங்குலத்துக்கு எத்தனை பாவு இழை, எத்தனை ஊடை என்ற விகிதத்துக்கேற்ப அதன் கட்டங்கள் நீண்டோ குறுகியோ அச்சிடப்பட்டிருக்கும். ஆகையால் தாளில் மயிலாகத் தெரிவது துணியிலும் மயிலாகவே வரும். கணினியோ எல்லாப் புள்ளிகளையும் சரிசமச் சதுரமாகவே வைத்துக்கொள்கிறது. தறியின் விகிதத்தை நாம் சொன்னாலன்றி அதற்குத் தெரியாது.

மேற்படி சங்கத்தில் நடந்ததை எண்ணால் பார்ப்போம். கரைக்கு 240 கொக்கிகள். அங்குலத்துக்கு 80 இழை. எனவே கரையின் அகலம் 3 அங்குலம். மயிலும் 3 அங்குல உயரம், 3 அங்குல நீளத்தில் வரையப்பட்டிருந்தது. படத்தைக் கணினியில் ஏற்றியவர், சதுரப் படம்தானே என்று 240-க்கு 240 கட்டமாகப் போட்டுவிட்டார். ஆனால் அத்தறியில் அங்குலத்துக்கு விழும் ஊடை 60. ஓர் ஊடைக்கு ஓர் அட்டை என்ற கணக்கில் 240 அட்டைகள் 4 அங்குலம் நெய்தன. உயரம் 3 அங்குலம், நீளம் 4 அங்குலம். மயில் வாத்தான மர்மம் இவ்வளவே. போடவேண்டியது 240-க்கு 180. அறுபது அட்டைகளும் மிச்சமாகியிருக்கும்.

இதில் வேறொன்றையும் கவனிக்க வேண்டும். சில தறிகளில் ஓர் அட்டையை இரண்டு ஊடைக்கு நிறுத்தி வைப்பது வழக்கம். அங்கே அதே மயிலுக்கு 90 அட்டை போதும். இவ்வழக்கம் எந்தக் கோப்பிலும் எழுதியிராது; தறிக்காரருக்கு மட்டுமே தெரியும். அவ்வாறே ஊடை எண்ணிக்கையையும் பதிவேட்டைப் பார்த்துச் சொல்லக்கூடாது. தறியிலிருந்து இறக்கிய துணி இழுப்பு தளர்ந்து சற்றே சுருங்கும். அதே தறியில் நெய்து இறக்கிய துணியின்மேல் இழை எண்ணும் கண்ணாடியை வைத்து எண்ணிய எண்ணே நம்பத்தக்கது. நம் எல்லைப்புறத்தில் தமிழும் தெலுங்கும் கலந்தே தறிப் பேச்சு நடக்கிறது. அதனால் யாரும் தடுமாறியதில்லை. எண்ணைச் சொல்லாமல் விட்டால்தான் தடுமாற்றம்.

இனி நிறத்துக்கு வருவோம். கையால் வரைந்த படத்தைப் படிக்கருவியில் வைத்துக் கணினிக்குள் இழுத்தால், நம் கண்ணுக்கு நீலம், பொன் என்று இரண்டே நிறமாகத் தெரிவது, அதற்கு நூற்றுக்கணக்கான சாயல்களாகத் தெரியும். கோட்டின் ஓரங்களில் நீலமும் வெண்மையும் கலந்த மங்கல் புள்ளிகள் நிற்கும். கைபேசியில் எடுத்து அனுப்பிய படமாயின் இன்னும் மோசம். கோப்பைச் சுருக்கும்போது ஓரங்கள் மேலும் சிதறும். இம்மங்கல் புள்ளி ஒவ்வொன்றும் துளையா, துளையில்லையா என்பதை யாரேனும் தீர்மானித்தாக வேண்டும். நிறங்களை முதலில் இரண்டாகவோ மூன்றாகவோ குறைத்து, பின்னர் கட்டம் கட்டமாகப் பார்த்துத் திருத்தாவிடில், தனித்து நிற்கும் ஒரு புள்ளி துணியில் மருவாக வந்து நிற்கும்.

மயிலின் உடல் முழுவதையும் ஒரே நிறமாக நிரப்பிவிடுவது மற்றொரு தவறு. கணினித் திரையில் அது அழகாகவே இருக்கும். தறியில் ஜரிகை அத்தனை இழைகளின் மேலும் கட்டின்றி மிதக்கும். கட்டுகிறவர்களின் மெட்டியில் மாட்டி அறுந்துவிடும். எத்தனை இழைக்கு ஒருமுறை ஜரிகையை அடக்கிக் கட்டவேண்டும் என்பதை நூலின் பருமனைத் தெரிந்தவர் சொல்ல, அதன்படி புள்ளி வைக்க வேண்டும். இதைத் தானே செய்து தரும் மென்பொருள்கள் உண்டு என்பார்கள். உண்டு, ஆயினும் மயிலின் கண்ணின்மேலேயே கட்டுப் புள்ளியை வைத்துவிடுவதும் அவைதாம்.

இத்தொல்லை நெசவுக்கு மட்டும் வந்ததன்று. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தார் 1952-ல், துளையிட்ட காகித நாடாவைக் கொண்டு உலோகத்தைக் கடையும் யந்திரத்தை நடத்திக் காட்டினர். ஜக்கார்டு அட்டையின் பேரப்பிள்ளை என்று அதைச் சொல்லலாம். இன்று அலமாரிப் பலகைகளைக் கணினியே அறுக்கும் பட்டறைகளும் அதே வழி வந்தவை. அங்கே படம் புள்ளிகளாக அன்றிக் கோடுகளாக வருகிறது; 1982-ல் ஆட்டோடெஸ்க் நிறுவனம் வெளியிட்ட டி.எக்ஸ்.எஃப். என்ற கோப்பு வகை இதற்குப் பெரிதும் வழக்கில் உள்ளது. அதில் 24 என்ற எண் இருக்கும். அது அங்குலமா மில்லிமீட்டரா என்று பல கோப்புகளில் இராது. ஓர் அங்குலம் 25.4 மில்லிமீட்டர். மாற்றிப் படித்தால் அலமாரிக் கதவு தீப்பெட்டி அளவில் வந்து விழும். கோட்டின்மேலேயே அறுக்கச் சொன்னால், 6 மில்லிமீட்டர் உளி பக்கத்துக்கு 3 மில்லிமீட்டர் தின்றுவிடும். தச்சருக்கு அது தெரியும். படம் வரைந்தவருக்குத் தெரியாது. நம் தறிக்காரர் கதையும் இதுவேயன்றோ!

அட்டை அடிப்பதில் ஒரு நன்மை உண்டு. பழகிய தறிக்காரர் அட்டைக் கோவையைக் கையில் வாங்கி எண்ணிப் பார்ப்பார், மாட்டுமுன்பே சந்தேகப்படுவார். 1983-ல் மிலான் கண்காட்சியில் போனாஸ் நிறுவனத்தார் மின்னணு ஜக்கார்டைக் காட்டியது முதல் அட்டையும் இல்லாமற் போயிற்று. கோப்பு நேரே தறிக்குச் செல்கிறது. எண்ணிப் பார்க்கக் கையில் ஒன்றுமில்லை. ஆகவே அத்தகைய தறி வாங்க எண்ணும் சங்கங்கள் முன்னிலும் எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும்.

மென்பொருளுக்குப் பெரும்பணம் செலவிட வேண்டுமென்பதில்லை. இந்திய அரசின் டிஜிட்டல் இந்தியா கார்ப்பரேஷன் 'டிஜிபுனாய்' என்ற ஜக்கார்டு மென்பொருளை இலவசமாகவே வெளியிட்டிருக்கிறது. காஞ்சிபுரத்தில் நெசவாளர் சேவை மையம் இருக்கிறது, சென்று கேட்கலாம். ஆனால் ஆள் அனுப்பும்போது எழுத்தரை மட்டும் அனுப்புவது கூடாது என்பது எமது உறுதியான அபிப்பிராயம். தறிக்காரர் ஒருவரும் உடன் போகவேண்டும், அன்றைய கூலியோடு. அட்டைக்குப் பணம் கட்டுமுன் அவர் கட்டப்படத்தைப் பார்த்துக் கையெழுத்திடட்டும். அட்டையோடு கோப்பையும் சங்கத்தின் பெயரில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நாம் பார்த்தவரை, பணம் கொடுத்த சங்கத்திடம் அட்டை மட்டுமே இருக்கிறது. அட்டை கிழிந்தால் அதே மயிலுக்கு மறுபடி பணம்.

மேற்சொன்ன சங்கத்தில் கோப்பைத் திருத்தி 180 அட்டை அடித்து வாங்கினார்கள். கிருத்திகைக்கு முன்னதாகவே பாதிச் சேலைகள் இறங்கிவிட்டன. பதிவேட்டில் 'நெசவில் குறை' என்பதை அடித்து 'கோப்பில் குறை' என்று எழுதித் தலைவர் கையொப்பமிட்டார். நின்றுபோன நாட்களில் இரண்டு நாள் கூலிக்கு நிர்வாகக் குழுவில் தீர்மானம் ஆகியிருக்கிறது. மீதி மூன்று நாள் கூலி அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் உள்ளது. நாமும் அன்று போவதாக இருக்கிறோம்.